கொடியேற்றம் முடிந்த பிறகு காலை 11 மணிக்கு: கிராம சபையில் நமக்குள்ள உரிமை

ஆகஸ்ட் 15 அன்று காலை எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி வளாகத்தில் நிற்க இடம் கிடைப்பதில்லை. சட்டையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்களும் விடுமுறைக்கு வந்து பின்னால் கூடியிருப்பார்கள். கொடி விரிந்து பூவிதழ்கள் உதிரும்போது வயதானவர்கள் சிலர் கைகூப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உணர்ச்சியில் பொய் எதுவும் இல்லை. அதே நாள் காலை 11 மணிக்கு, பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சமுதாயக் கூடத்தில் கிராம சபை கூடுகிறது. ஓர் ஆண்டு நான் தலைகளை எண்ணினேன். 31 பேர் இருந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர் சொல்லி வந்தவர்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் நூற்றைத் தாண்டியிருந்தன.

காலையில் வந்த கூட்டம் 11 மணிக்கு ஏன் வரவில்லை என்று விசாரித்தால், “அங்கே போய் என்ன ஆகப் போகிறது” என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. சலிப்பில் சொல்லப்படும் அந்தச் சொல்லை நான் குறை கூறவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆயினும், அங்கே போனால் என்ன ஆகலாம் என்பதைச் சட்டம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. அதை அறிந்தபின் போகாமல் இருப்பதும், அறியாமல் போகாமல் இருப்பதும் வேறு வேறு என்பதால், கிராம சபை என்றால் என்ன, அதில் நமக்கு உள்ள உரிமை எது, அது எதுவரை செல்லும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

1992-இல் நிறைவேற்றப்பட்டு 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், கிராம சபையை அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. ஊராட்சிப் பகுதியில் அடங்கிய கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரையும் கொண்ட அமைப்பே கிராம சபை என்று அதன் 243-ஆவது உறுப்பு வரையறுக்கிறது. இந்த வரையறையைச் சற்று நின்று படிக்க வேண்டும். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆளை அனுப்புகிறோம். கிராம சபைக்கு யாரையும் அனுப்புவதில்லை, ஏனெனில் நாமே அதன் உறுப்பினர்கள். பதினெட்டு வயது நிறைந்து பெயர் பட்டியலில் ஏறிய நாள் முதல் அந்த உறுப்பினர் பதவி நமக்கு உரியது. யாரும் நியமிக்க வேண்டியதில்லை, பதவிக்காலமும் கிடையாது. ஊராட்சி மன்றத்துக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. 2016 இறுதியிலிருந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5 உடன் முடிந்து, நிர்வாகம் மீண்டும் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது. தலைவர் இல்லாத அந்தக் காலங்களிலும் ஊரில் கலையாமல் இருந்த ஒரே மக்கள் அமைப்பு கிராம சபைதான்.

கிராம சபைக்கு என்னென்ன அதிகாரம் என்பதை முடிவு செய்யும் பொறுப்பை அரசியலமைப்பு மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அதைச் சொல்வது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்கும், ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும், முந்தைய ஆண்டுக் கணக்கின் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் அளிப்பதும், ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட திட்டங்கள் எந்த அளவில் நடக்கின்றன என்று ஆய்வு செய்வதும் அந்தப் பிரிவின்படி கிராம சபையின் பணிகள். எழுத்தில் பார்த்தால் நான்கே பணிகள். ஆனால் எந்தத் தெருவுக்குச் சாலை, எந்தக் குடியிருப்புக்குக் குடிநீர்க் குழாய், யாருக்கு வீடு என்று ஊரில் நாம் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் அனைத்தும் அந்த நான்கிற்குள் வந்துவிடுகின்றன.

கூட்ட நாட்களும் முன்பே தெரிந்தவை. குடியரசு நாளான ஜனவரி 26, உழைப்பாளர் நாளான மே 1, விடுதலை நாளான ஆகஸ்ட் 15, காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களிலும் கிராம சபை கூடுவது நெடுநாள் நடைமுறை. 2022-இல் வெளியான அறிவிப்பின்படி, உலக தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆயின. சில நேரம் தேதி தள்ளிப்போவதும் உண்டு. 2024-இல் நவம்பர் 1 அன்று நடக்க வேண்டிய கூட்டம் நவம்பர் 23 அன்று நடந்தது. கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே இடம், நேரம், கூட்டப் பொருள் ஆகியவற்றை மக்களுக்கு அறிவிக்க வேண்டும். ஊராட்சியின் எல்லாக் குடியிருப்புகளுக்கும் வாய்ப்புக் கிடைக்கும்படி இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்றும், மதச் சார்புள்ள வளாகங்களில் கூட்டம் நடத்தக் கூடாது என்றும் அரசின் அறிவுறுத்தல்கள் கூறுகின்றன. இதன் பொருளை ஊர்க்காரர்கள் உணர்வார்கள்: எப்போதும் ஊர்த்தெருவில் மட்டும் கூடும் சபைக்குக் காலனி மக்கள் வந்து உரக்கப் பேசுவது எளிதல்ல.

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் இருந்தாக வேண்டும். அதைக் குறைவெண் வரம்பு என்பார்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது தமிழ்நாட்டு விதி. மூவாயிரம் பேர் வாழும் ஊரில் நூறு பேர் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. கோயில் திருவிழாவில் ஒரு பந்திக்கு உட்காருகிறவர்களைவிடக் குறைவு. அந்த நூறும் சேராதபோதுதான் பதிவேடு வீடு வீடாகச் செல்கிறது. எதற்கு என்று கேட்காமல் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒவ்வொருவரும், தான் கேட்காத ஒரு கணக்குக்கும் படிக்காத ஒரு தீர்மானத்துக்கும் ஒப்புதல் அளித்தவர் ஆகிவிடுகிறார். வராமல் இருப்பதைவிட இது கேடானது என்பது என் எண்ணம். வராதவரின் பெயரில் யாரும் எதையும் நிறைவேற்ற முடியாது. கையெழுத்தை மட்டும் கொடுத்தவரின் பெயரில் எல்லாம் நிறைவேறும்.

கூட்டத்தில் பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது வரவு செலவுக் கணக்கு. ஊராட்சியின் வரவையும் செலவையும் படிவம் 30-இல் சுருக்கித் தர வேண்டும் என்பதும், அதை மக்கள் படிக்கும்படி பிளக்ஸ் பேனராகக் கூட்டம் நடக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் நடைமுறை. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, நிதிக்குழு மானியங்கள் என்று வரவு ஒரு பக்கமும், சம்பளம், மின் கட்டணம், தெருவிளக்கு, கைப்பம்பு, மோட்டார் பழுது என்று செலவு மறுபக்கமும் இருக்கும். பெரும்பாலும் யாரும் அருகில் சென்று படிப்பதில்லை. ஒரு மே 1 கூட்டத்தில், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு அருகில் குடியிருக்கும் ஓர் அம்மா எழுந்து பேனருக்கு அருகில் சென்றார். மோட்டார் பழுது என்ற வரியில் விரலை வைத்து, “தம்பி, எங்க தெரு மோட்டாரு இந்த வருசம் எத்தனை தடவை ரிப்பேர் ஆச்சு?” என்று ஊராட்சிச் செயலரைக் கேட்டார். செயலர் ஓர் எண்ணைச் சொன்னார். “தண்ணி வராத நாளு எனக்குக் கணக்குத் தெரியும், அத்தனை தடவை நிக்கலையே” என்றார் அந்த அம்மா. கூடத்தில் பேச்சு நின்றது. கூட்டத்தைப் பார்வையிட ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அலுவலரான பற்றாளர், பழுது பார்த்த ரசீதுகளைக் கொண்டுவரச் சொன்னார். ரசீதுகள் அன்று வரவில்லை. அடுத்த கூட்டத்தில் பேனர் வந்தபோது, மோட்டார் பழுது என்ற ஒரே வரி தெருவாரியாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது. அந்த அம்மா எந்தச் சட்டமும் படித்தவர் அல்லர். தன் தெருக் குழாயில் தண்ணீர் வராத நாட்களை நினைவில் வைத்திருந்தார், அவ்வளவே.

அடுத்தது தீர்மானம். கிராம சபையில் பேசியது அனைத்தும் தீர்மானம் ஆகிவிடாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதே தீர்மானம். ஆகவே வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவதைவிட, கோரிக்கையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. “எங்கள் தெருவுக்கு நல்லது செய்யுங்கள்” என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. “பிள்ளையார் கோயில் முனையிலிருந்து பள்ளி வரையுள்ள சாக்கடைக்கு மூடி போட வேண்டும்” என்று எழுதினால், அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா இல்லையா என்று ஒற்றைச் சொல்லில் கேட்கலாம். கூட்டம் முடியும்போது தீர்மானங்களை வாசித்துக் காட்டச் சொல்லி, கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வாசகத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்துவதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை.

இனி, தீர்மானம் போட்டால் அரசு கேட்குமா என்ற கேள்வி. ஊராட்சி தன் பணத்தில் தானே செய்யும் பணிகளில் சபையின் ஒப்புதலுக்கு நேரடியான வலு உண்டு. சாலைத் துறை, வருவாய்த் துறை, சுரங்கம், மதுக்கடை போன்று ஊராட்சியின் எல்லைக்கு வெளியே உள்ளவற்றில் தீர்மானம் ஊரின் பதிவு செய்யப்பட்ட விருப்பமாக நிற்குமே தவிர, எல்லா நேரமும் அந்தத் துறையைக் கட்டுப்படுத்தாது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தில், பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக 2022 முதல் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதனால் மட்டும் திட்டம் கைவிடப்படவில்லை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் வேறு விதமாக நடந்தது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வெளியானதும், நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. மக்களின் போராட்டமும் தொடர்ந்தது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானத்தாள் ஒன்றே இதைச் செய்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஊர் கூடி, எழுதி, கையெழுத்திட்டு வைத்தது எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது.

தீர்மானத்துக்குச் சட்டமே கட்டுப்படுத்தும் வலுவைக் கொடுத்த இடமும் உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டி எடுப்பது குறித்து, 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் கிராம சபைகளின் முன்பு அந்தக் கேள்வியை வைக்கச் சொன்னது. டோங்ரியா கோந்து பழங்குடி மக்களும் பிறரும் வாழும் 12 ஊர்களின் சபைகள் அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்த சபைகள் அவை.

நம் மாநிலத்தில் கிராம சபையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உத்திரமேரூர்க் கல்வெட்டை மேற்கோள் காட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அந்தக் குடவோலை விதிகள் வியப்புக்கு உரியவை. கணக்குக் காட்டாமல் இருந்தவர் மீண்டும் பொறுப்புக்கு வரக் கூடாது என்றுகூட அவை சொல்கின்றன. ஆனால் அந்தச் சபை சதுர்வேதிமங்கலத்தின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊரின் சபை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கே அதில் பொறுப்பு. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அந்தப் பெருமையைப் பேசும் நாம், எல்லார்க்கும் இடம் தந்திருக்கும் இன்றைய சபையின் நாற்காலிகளைக் காலியாக விட்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நகரங்களில் வாழ்வோருக்குக் கிராம சபை இல்லை. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பகுதி சபை என்ற அமைப்பு 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கியது. உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்பதை மாமன்ற அல்லது நகர்மன்ற உறுப்பினரிடம் கேட்டு அறியலாம்.

ஊராட்சியில் இருப்பவர்கள், கூட்டம் முடிந்த பின்னும் ஒரு வேலையைச் செய்யலாம். நிறைவேறிய தீர்மானங்களின் நகலைத் தரும்படி, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. கிடைத்த நகலை மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுந்து, சென்ற கூட்டத்துத் தீர்மானங்களில் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று வரிசையாகக் கேளுங்கள். சொல்லும் பதிலையும் அன்றைய தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.