சமன்பாட்டில் நிற்கும் எண்ணுக்கு வேகம் தெரியுமா?

வேதியியல் படிக்கிறவர்களில் நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. சமன்பாட்டைச் சமன் செய்ததும் மூலக்கூறுகளுக்கு முன்னால் 2, 3 என்று குணகங்கள் வந்து நிற்கும். அப்புறம் வினைவேகப் பாடம் வந்ததும் அதே எண்களைத் தூக்கிச் செறிவின் தலைமேல் அடுக்காக, அதாவது செறிவு மாறினால் வேகம் எத்தனை மடங்காகும் என்று சொல்லும் எண்ணாக, உட்கார வைத்துவிடுகிறோம். சில நேரம் விடை சரியாகவும் வந்து தொலைக்கிறது, வம்பே அதில்தான்.

சரி, அந்த எண்கள் என்னதான் சொல்கின்றன? ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்தால் இரண்டு அம்மோனியா. நைட்ரஜன் லிட்டருக்கு விநாடிக்கு 0.2 மோல் வீதம் குறைகிறது என்றால், ஹைட்ரஜன் 0.6 மோல் குறைந்தாக வேண்டும், அம்மோனியா 0.4 மோல் கூடியாக வேண்டும். வினை ஒன்று, வேகம் மூன்று. ஒவ்வொன்றையும் அதனதன் குணகத்தால் வகுத்தால் மூன்றும் 0.2-இல் வந்து நிற்கும், அதையே வினைவேகம் என்கிறோம். எது எந்த விகிதத்தில் செலவாகும், எது முதலில் தீரும், கடைசியில் எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் குணகங்கள் காட்டும் இந்த வேதிவினைக்கூறு விகிதத்தின் பொறுப்பு.

ஆனால் ஒரு பொருளின் செறிவை இரட்டிப்பாக்கினால் வேகம் எத்தனை மடங்காகும் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. ஏன் என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே சமன்பாட்டை முழுக்க 2-ஆல் பெருக்கி எழுதுங்கள், அதுவும் சரியான சமன்பாடுதான். குணகமே அடுக்கு என்றால், நாம் தாளில் பெருக்கிய குற்றத்துக்காகக் குடுவைக்குள் அடுக்கு இரட்டிப்பாக வேண்டும். நடக்கிற காரியமா?

ஹைட்ரஜனும் அயோடினும் சேரும் வினையில் இரண்டின் அடுக்கும் 1, குணகத்தோடு அப்படியே பொருந்துகிறது. அயோடின் இருந்த இடத்தில் புரோமினைப் போடுங்கள், சமன்பாட்டின் உருவம் அச்சு அசல் அதேதான். ஆனால் தொடக்க வேகத்தில் புரோமினின் அடுக்கு அரை! போதாக்குறைக்கு, உருவாகும் ஹைட்ரஜன் புரோமைடே வினையைப் பின்னால் பிடித்து இழுத்து மெதுவாக்கவும் செய்கிறது. இந்த இரண்டு வினைகளின் வேகத்தையும் அளந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் வேதியியலாளர் மாக்ஸ் போடன்ஸ்டைன்.

காரணம் என்னவென்றால், சமன்பாடு வெறும் வரவு செலவுக் கணக்கு. உள்ளே வினை பல படிகளாக நடக்கிறது, அவற்றில் மிக மெதுவான படி ஒன்று இருந்தால் மற்றவை அதற்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். நைட்ரஜன் டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வினைபுரிவதைப் பாருங்கள். அதிகம் சூடில்லாத நிலையில் இரண்டு நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறுகள் தங்களுக்குள் மோதிக்கொள்வதுதான் மெதுவான படி, கார்பன் மோனாக்சைடு அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறது. அதனால் முன்னதற்கு அடுக்கு 2, பின்னதற்கு 0, சமன்பாட்டில் இரண்டுக்கும் குணகம் 1 என்றாலும்.

எனக்குப் பிடித்த உதாரணம் அசிட்டோனும் அயோடினும்தான். அமிலம் கலந்த கரைசலில், அசிட்டோன் தாராளமாக இருக்கும்படி வைத்துவிட்டு அயோடினை அளந்துகொண்டே போனால், பாதி தீர்ந்த பிறகும் அது முதலில் குறைந்த அதே வேகத்தில்தான் குறையும். வரைபடம் சாய்ந்த நேர்கோடாக இறங்கி, கிட்டத்தட்ட சுழியம்வரை அப்படியே போகும். மெதுவான படி அசிட்டோன் தன் வடிவத்தை ஈனாலாக (அதே அணுக்கள் வேறு விதமாக அடுங்கிய மூலக்கூறாக) மாற்றிக்கொள்வது. மாறியது கையில் கிடைத்ததும் அயோடின் சட்டென்று பற்றிக்கொள்ளும். பற்றிக்கொள்ள ஆள் எத்தனை பேர் காத்திருந்தால் என்ன, கிடைப்பது மெதுவாகத்தானே கிடைக்கிறது! புரோமினை வைத்து வேதியியலாளர் ஆர்தர் லாப்வொர்த் 1904-இல் இதைத்தான் கண்டார். இதில் வேகத்தைக் கூட்டுவது அமிலம், அதன் பெயரோ வினைபடுபொருள் பட்டியலிலேயே இல்லை.

ஒரே மோதலில் முடிந்துவிடும் தனிப்படி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் குணகத்தை அடுக்காக எழுதலாம். மற்றபடி சோதனைதான் வழி: ஒன்றின் செறிவை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துத் தொடக்க வேகத்தை அளப்பார்கள். செறிவு இரட்டிப்பானதும் வேகம் நான்கு மடங்கானால் அடுக்கு 2, அசையாமல் கிடந்தால் 0.