பயிற்சிக்கு விடும் முன் கொட்டகைச் சுவரைப் பாருங்கள்

இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து உண்ணிக் காய்ச்சலோடு என்னிடம் வருகிற நான்காவது நாய் இது. மூன்று வயது பாயிண்டர், பறவை இருக்குமிடத்தை நின்று காட்டும் வேட்டை இனம், வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டுகள். சேலம் அடிவாரத்துப் பக்கம் ஒரு பயிற்சிக் கொட்டகையில் ஒரு மாதம் தங்க வைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்து பத்து நாள் ஆகியிருந்தது. மேசையில் ஏற்றியதும் ஒரு தும்மல். என் சட்டையில் பொட்டுப் பொட்டாக இரத்தம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்து, ஊசியால் குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள். வயிற்றுத் தோலிலும் அதே. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 18,000 இருந்தன. இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும்.

“உண்ணியே இல்லீங்க டாக்டர், நேத்துகூடத் தேடிப் பார்த்தாச்சு” என்றார் கூட்டிவந்தவர்.

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உண்ணி நாயின் மேலேயே குடித்தனம் நடத்துவதில்லை. குஞ்சாக ஒரு முறை, வளரும்போது ஒரு முறை, பெரிதான பின் ஒரு முறை என்று மூன்று தடவை ஏறிக் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் வயிறு நிறைந்ததும் உதிர்ந்து எங்காவது இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். அது விட்டுச்சென்ற எர்லிக்கியா கிருமி, தட்டணுக்களைக் குறைப்பது அதுதான், 8 முதல் 20 நாள் வரை உள்ளேயே பதுங்கியிருக்கும். அதற்கு அப்புறம்தான் காய்ச்சல். நீங்கள் தேடும் நேரத்தில் கடித்தது போய் நாளாகியிருக்கும்.

அடுத்து வருவது, “காட்டுக்குள்ள ஓடினதுல ஒட்டிக்கிச்சு.” எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். மழை பெய்தால் செய்தித்தாளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று போடுவார்கள். அது ஸ்க்ரப் டைபஸ், மனிதர்களுக்கு வருவது. புதர்களில் இருக்கும் ஒரு நுண்ணிய சிலந்திப்பேனின் குஞ்சுகள் கடித்து வருகிறது. நாய்க்கு வருவதையும் நாம் உண்ணிக் காய்ச்சல் என்றே சொல்கிறோம். பெயர்தான் ஒன்று. கிருமியும் வேறு, கடிப்பதும் வேறு. நாயைக் கடிக்கும் பழுப்பு உண்ணி புதரை நம்பிப் பிழைப்பதில்லை, நாய் படுக்கும் இடத்தை நம்பிப் பிழைக்கிறது. செங்கல் சந்து, கூரை இடுக்கு, கயிற்றுக் கட்டில், பழைய சாக்கு, இவைதான் அதன் ஊர். ஒரு பெட்டை ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். வளர்ந்த உண்ணி ஒரு வருடம்கூடப் பட்டினி கிடக்கும். ஆகவே ‘ஆறு மாசமா நாயே இல்லை, காலியா கிடந்த இடம்’ என்பதெல்லாம் ஒரு சமாதானம் ஆகாது. காட்டிலும் வேறு உண்ணிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் மேசைக்கு வருகிற நாய்களிடம் நான் பிடுங்குவது பெரும்பாலும் இந்தப் பழுப்புதான். ஏற்காட்டுக் குளிருக்கு இது வராது என்று மலை மேல் எஸ்டேட்டில் விடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர் வெளியில்தான். நாய் அடைந்திருக்கும் அறைக்குள் கதகதப்பு.

பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டகைக்கே போனேன். எட்டு அறை. ஒரு லாப்ரடார், இரண்டு காக்கர் ஸ்பானியல், நம்மூர் வேட்டை நாய் கன்னி ஒன்று. பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசில் கேட்டால் உட்காருகிறது, துணி சுற்றிய டம்மியைப் பல் பதியாமல் தூக்கி வருகிறது. சுவர்தான் பூசாத செங்கல். ஒரு கொண்டை ஊசியைச் சந்தில் விட்டு இழுத்தேன். ஆமணக்கு முத்து மாதிரி ஏழெட்டு உருண்டு விழுந்தன. பயிற்சி கொடுக்கிற தம்பி, “இது எப்பவும் இருக்கிறதுதாங்க சார்” என்றார்.

இன்னொரு தொல்லை, மறைப்பது. பாயிண்டரைக் கொண்டுவந்தவர் அதைப் பயிற்சிக்கு விட்டதையே இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். கவுதாரி, காடை வேட்டை பற்றிப் பேச்சு வந்தால் வம்பு என்ற பயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நாயை விட்டுத் துரத்துவதும், விரட்டி ஓட்டுவதும்கூட வேட்டைதான். அதைச் செய்யாதீர்கள். டம்மியும் விசிலும் வைத்துப் பழக்குவதில் மறைக்க ஒன்றுமில்லையே. நாய் எங்கே தங்கியிருந்தது என்று நான் கேட்பது வழக்குப் போட அல்ல, எந்தப் பரிசோதனையை முதலில் எழுதுவது என்று முடிவு செய்ய. அந்த இரண்டு நாளில் வீட்டில் கொடுத்த மனுஷ வலி மாத்திரை வேறு. தட்டணு குறைந்த நாய்க்கு ஆஸ்பிரின், புரூபென் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது.

சரி, விடத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் டார்ச்சோடு போய்ச் சுவரையும் கூரையையும் பாருங்கள். ‘உள்ளே வரக்கூடாது’ என்றால் வண்டியைத் திருப்புங்கள். விடுவதற்கு ஒரு வாரம் முன்பே உண்ணி மாத்திரை கொடுத்துவிடுங்கள். கடித்த உண்ணியைத்தான் அது கொல்லும், ஏறவே விடாமல் தடுக்காது. மாத்திரை போட்டும் ஒன்றிரண்டு ஏறினால் என்னைத் திட்டாதீர்கள். பார்வோ (இரத்த வயிற்றுப்போக்கு), லெப்டோ (எலிக்காய்ச்சல்), கென்னல் காஃப் (கொட்டகை இருமல்) தடுப்பூசிகள் கடைசி நாளில் போட்டால் பிரயோசனமில்லை, இரண்டு வாரமாவது முன்னால் வாருங்கள். மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். மருந்துக் கடையில் அளவு தெரியாமல் ஐவர்மெக்டின் வாங்கி ஊசி போட வேண்டாம், அதில் வலிப்பு வந்த நாய்களும் இங்கே வருகின்றன. காக்கர் ஸ்பானியல் வைத்திருப்பவர்கள் காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் கையை விட்டே பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. திரும்பி வந்து மூன்றாவது வாரம் ஒரு இரத்தப் பரிசோதனை, நாய் துள்ளிக் குதித்தாலும் சரி. தயவுசெய்து. முதல் வாரத்துக் காய்ச்சலில் பிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை பெரும்பாலும் போதும். அதுவே எலும்பு மஜ்ஜை வற்றும் வரை போய்விட்டால் என்னிடம் அதிகம் ஒன்றுமில்லை.

பாயிண்டர் பிழைத்துக்கொண்டது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் இரத்தம் ஏற்றி, 28 நாள் மாத்திரை முடித்து நேற்று வந்தது. மதில் மேல் ஒரு மைனா. ஒரு முன்னங்காலை மடக்கி, வாலை நீட்டி, அப்படியே சிலையாக நின்றது. உரிமையாளர் முகத்தில் பெருமை. “அடுத்த மாசம் மறுபடி விடலாமுங்களா?” என்றார். சுவர் பூசிவிட்டார்களா என்று கேட்டேன். போனைப் போட்டு விசாரித்தார். இன்னும் இல்லையாம்.