ஜெனரேட்டர்: பிறப்பிப்பதா, இயற்றுவதா?

ஆடிக் காற்றில் கற்பூர மரக்கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தால் ஊட்டிக் கடைத்தெருவில் அடுத்துக் கேட்கும் குரல், "ஜெனரேட்டரப் போடுப்பா" என்பதுதான். அந்த ஜெனரேட்டர், கடை வாசலில் டீசல் புகை கக்கும் பெட்டி. அதே மலையின் அடிவாரத்தில், சிங்காராவில், பைக்காராத் தண்ணீரால் 1932 முதல் மின்சாரம் தரும் பெரிய எந்திரங்களும் ஜெனரேட்டர்கள்தாம். அவற்றை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது 'பவர் ஹவுஸ்'. ஆங்கிலத்தில் அகலமாக இருந்த சொல் நம் பேச்சுக்குள் வந்ததும் 'கரண்ட் போனால் போடுவது' என்று ஒடுங்கிவிட்டது.

ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் என்ற குடியிருப்பு அமைக்கும் கணினி ஆட்டத்துக்குள் போகும்போது இந்த ஒடுக்கம் இடிக்கும். 2019இல் முழுமையாக வெளிவந்த அந்த ஆட்டத்தில், சிறுகோள் ஒன்றின் வயிற்றைக் குடைந்து ஆட்களை வாழவைக்க வேண்டும். வெளியிலிருந்து கம்பி எதுவும் வராது. அங்கே ஜெனரேட்டர் மாற்று ஏற்பாடாக இல்லை. இருக்கும் மின்சாரம் முழுதும் அதிலிருந்துதான். அதனால் சொல்லை முதலில் அகலப்படுத்திக்கொள்வது நல்லது.

வேர் இலத்தீன். 'கெனெராரே' என்றால் பிறப்பித்தல். அந்தக் 'கென்' வேருக்கும் வடமொழி 'ஜன்' வேருக்கும் மூதாதை ஒன்றே. ஆகவே ஜாதகத்தில் வரும் ஜனனமும் கடைவாசல் ஜெனரேட்டரும் ஒருவகையில் பங்காளிகள். 1831இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பிறகு இவ்வகை எந்திரங்கள் வரத் தொடங்கின. 1867இல் வெர்னர் சீமென்ஸ் 'டைனமோ-எலெக்ட்ரிக் எந்திரம்' என்ற பெயரைக் கொடுத்தார்; அது சுருங்கி 'டைனமோ' ஆனது. அதன் வேர் ஆற்றலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். டைனமோ நம்மிடம் சைக்கிள் சக்கரத்தோடு நின்றுவிட்டது.

தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. இலங்கைத் தமிழர் 'மின்பிறப்பாக்கி' என்கிறார்கள். இலத்தீனை அப்படியே கொண்டுவந்த சொல். 'மின்னாக்கி' சுருக்கமானது, வாயில் எளிதாக நிற்பது. தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியல் நூல்களில் இருப்பது 'மின்னியற்றி'. மூன்றும் பிழையில்லை. ஆனாலும் மூன்றாவதையே எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குக் காரணம் இந்த மலையிலேயே இருக்கிறது.

அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் குந்தா முதல் மின்நிலையத்தில் சுழலியை, அதாவது டர்பைனை, சுற்றிவிட்டுக் குந்தா பாலம் வருகிறது. அங்கிருந்து கெத்தை, பிறகு பரளி, பிறகு பில்லூர் என்று இறங்க இறங்க ஒவ்வோர் இடத்திலும் மறுபடி சுற்றுகிறது. ஒரே தண்ணீர், நான்கு முறை. எங்கும் எதுவும் புதிதாகப் பிறக்கவில்லை. தண்ணீருக்கு இருந்த உயரம் குறைந்தது, அது மின்சாரமாக மாறியது. பிறப்பு என்ற சொல் இந்தக் கணக்கை மறைக்கிறது. 'இயற்று' என்பதில் செய்தல், இயங்கச்செய்தல் என்ற பொருள்கள் உண்டு. கையில் உள்ள பொருளை வைத்துச் செய்வது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இயற்றல், ஈட்டல், காத்தல், காத்ததை வகுத்தல் என்று அரசின் வேலையை 385ஆம் குறள் நான்காகப் பிரிக்கிறது. உருவாக்கு, திரட்டு, சேமி, பகிர்ந்தளி. வள்ளுவர் பேசியது கருவூலத்தை. ஆனால் மின்சாரத்தைக் கட்டி ஆள்வதற்கு இதைவிடக் கச்சிதமான வரிசை கிடைக்காது. ஆட்டத்தில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இயற்றலை மட்டும் பெருக்கிக்கொண்டே போய்க் காத்தலையும் வகுத்தலையும் விட்டவர்கள்.

இயற்றலைப் பார்ப்போம். கால்பலத்தால் ஓட்டும் சக்கரம் 400 வாட் தரும். ஓர் ஆள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிலக்கரி மின்னியற்றி 600 வாட், நொடிக்கு 1 கிலோ தின்னும். ஹைட்ரஜன் மின்னியற்றியும் இயற்கை வாயு மின்னியற்றியும் தலா 800 வாட். முன்னதற்கு நொடிக்கு 100 கிராம், பின்னதற்கு 90 கிராம். பெட்ரோலியம் 2,000 வாட், நொடிக்கு 2 கிலோ, கூடவே 500 கிராம் கரியமில வாயு. நீராவிச் சுழலி அதிகபட்சம் 850 வாட். 125 டிகிரிக்குக் கீழான நீராவியை அது தொடாது, 200 டிகிரியில்தான் முழுத்திறனும் வரும்.

இவற்றில் ஹைட்ரஜன் கணக்கு அழகானது. மின்பகுப்பான் நொடிக்கு 1 கிலோ தண்ணீரைப் பிரித்து 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தரும். செலவு 120 வாட். வெளிவரும் ஏறத்தாழ 1 கிலோ வாயுவை இழுக்க, தலா 500 கிராம் இழுக்கும் பம்பு இரண்டு வேண்டும். ஒன்று 240 வாட் என்றால் 480. ஆகமொத்தம் 600. மின்னியற்றி தருவது 800. மூச்சுக்காற்றும் கிடைக்கிறது, 200 வாட் மிச்சமும் ஆகிறது. தண்ணீர் தீராதவரை.

நிலக்கரியில்தான் வீண். ஆட்டத்தில் ஒரு நாள் 600 நொடி. நிறுத்தாமல் ஓடும் ஒரு நிலக்கரி மின்னியற்றி நாளொன்றுக்கு 600 கிலோ எரிக்கும், நீங்கள் மின்சாரத்தைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். கல்லைத் தின்று நாளுக்கு 70 கிலோ நிலக்கரி இடும் ஹாட்ச் என்ற பிராணியை வளர்த்தால், ஒரு மின்னியற்றிக்கு ஒன்பது வேண்டும். பைக்காராவில் தேவை குறைந்தால் நீர்த்தாரையைக் குறைப்பார்கள். ஆட்டத்தின் மின்னியற்றிக்குத் தானாகக் குறைக்கத் தெரியாது.

காத்தல் இங்கே வருகிறது. பேட்டரியைப் பலரும் 'மின்கலம்' என்கிறோம். அது டார்ச்சில் போடும் ஒற்றைச் செல்லுக்கே சரி. மீண்டும் மீண்டும் மின்னேற்றி எடுப்பதற்குச் 'சேமக்கலம்' என்ற சொல் இருக்கிறது. ஆட்டத்தில் சிறியது 10 கிலோஜூல், பெரியது 40. மூன்றாவது வகை 'ஸ்மார்ட்' சேமக்கலம், 20 கிலோஜூல்தான். ஆனால் அதற்குக் குறிப்புக்கம்பி உண்டு: இருப்பு கீழ்வரம்புக்கு இறங்கினால் மின்னியற்றியை ஓடச் சொல்லும், மேல்வரம்பைத் தொட்டால் நிறுத்தும். சராசரித் தேவை 240 வாட் என்று வையுங்கள். இந்த ஒன்றை இணைத்தாலே 600 கிலோ நிலக்கரி 240 கிலோ அளவுக்கு இறங்கும். ஒன்பது ஹாட்ச் நான்காகும்.

பல வகை மின்னியற்றிகள் ஒரே சுற்றில் இருந்தால் வகைக்கு ஒரு ஸ்மார்ட் சேமக்கலம் வைத்து வரம்புகளை அடுக்குங்கள். ஹைட்ரஜனுக்குக் கீழ்வரம்பு 60 சதவீதம், மேல்வரம்பு 95. நிலக்கரிக்கு 20, 50. சும்மா வரும் எரிபொருள் முதலில் எரியும். தோண்டி எடுப்பது நெருக்கடியில் மட்டும் எரியும். இரண்டுக்கும் ஒரே வரம்பு வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், அடுக்கியதன் பலன் போய்விடும்.

குந்தாவில் அமைந்துவரும் 500 மெகாவாட் 'நீரேற்று புனல்மின் திட்டம்' இந்தச் சேமக்கலத்தின் அண்ணன்தான்: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலணைக்கு ஏற்று, தட்டுப்பாடு வரும்போது இறக்கு. 'நீரேற்று' என்பது அரசு ஆவணத்திலேயே வாய்த்துவிட்ட நல்ல தமிழ், அடிக்கடி நடப்பதில்லை.

வகுத்தலுக்குப் போகுமுன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நாம் 'பவர்' என்று எல்லாவற்றையும் சொல்கிறோம். கண்ணாடிக்குப் பவர், மாத்திரைக்குப் பவர். இயற்பியலில் வாட் என்பது 'திறன்', ஜூல் என்பது 'ஆற்றல்'. சேமக்கலம் கொள்வது ஆற்றலை. கம்பி தாங்குவது திறனை. இது பிடிபட்டால், நிறையச் சேமக்கலம் வைத்தும் கம்பி ஏன் அறுகிறது என்ற கேள்வி எழாது.

சாதாரணக் கம்பி 1,000 வாட் தாங்கும், கடத்துக்கம்பி 2,000, தடிக்கம்பி 20,000. கணக்கில் வருவது மின்னியற்றிகளின் மொத்தம் இல்லை; அந்த நேரத்தில் கருவிகள் இழுக்கும் சுமை. உலோகச் சுத்திகரிப்பு எந்திரம் ஒன்றே 1,200 வாட் இழுக்கும், சாதாரணக் கம்பியில் மாட்டினால் சில நொடிகளில் எங்காவது ஒரு துண்டு பழுதாகும். நம் ஊரில் 'லோடு தாங்கல, ஃபீஸ் போச்சு' என்போமே, அதுதான், எழுத்தில் 'மிகைச்சுமை'. இதில் ஒரு முடிச்சு உண்டு. கடத்துக்கம்பிக்குச் சுத்திகரித்த உலோகம் வேண்டும், அதைத் தரும் எந்திரத்துக்குக் கடத்துக்கம்பி வேண்டும். அவிழ்க்க, 240 வாட்டில் ஓடும் கல்லுடைப்பானில் 100 கிலோ தாதுவைப் போட்டு 50 கிலோ உலோகம் எடுங்கள். பாதி மணலாகப் போகும், போகட்டும்.

தடிக்கம்பி சுவரை ஊடுருவாது, அதற்கென இணைப்புத் தகடு வேண்டும். பார்க்கவும் அசிங்கம், ஆட்களின் மனநிலையைக் கெடுக்கும். அதனால் மின்னியற்றிகளை ஓர் ஓரத்தில் தடிக்கம்பியில் கோத்து, அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் குடியிருப்புக்கு மெல்லிய கம்பி இழுப்பது முறை. 'மின்மாற்றி' என்ற சொல் ஆட்டத்தில் மட்டும் சற்றே பொருந்தாமல் நிற்கிறது. தெருமுனை மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433ஆக மாற்றுகிறது; ஆட்டத்தில் மின்னழுத்தமே கிடையாது. அங்கே அது அளந்துவிடும் மடை. சிறியது 1,000 வாட்டுக்கு மேல் விடாது, எனவே அதன் கீழ்ச் சாதாரணக் கம்பி பழுதாகாது. சுமை கூடினால் கருவிகள் விட்டுவிட்டு ஓடும், அவ்வளவே. பெரியது 4,000 விடும். அதை 2,000 வாட் கடத்துக்கம்பியில் மாட்டிவிட்டு அறுகிறதே என்பவர்கள் அதிகம். சிறியது இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் சரியாக 2,000. மின்மாற்றிக்குக் கீழே சேமக்கலம் வைக்காதீர்கள்; அதிலிருக்கும் இருப்பு மடையைத் தாண்டியே கருவிகளுக்குப் பாயும், கம்பி மறுபடி பழுதாகும்.

எழுதும்போது 'மின் இயற்றி' என்று பிரிக்க வேண்டாம். மின்னியற்றி, மின்னியற்றிகள், நிலக்கரி மின்னியற்றி. சோலார் பேனலில் எதுவும் சுழலவில்லையே, அதுவும் மின்னியற்றியா என்றால், ஆம். இயற்று என்ற வினை சுழற்சியைக் கேட்பதில்லை. ஆட்டத்தில் அது 380 வாட், எரிபொருள் இல்லை, இரவில் சுழியம்.