ஷார்ட்பிரெட் மாவில் டீ டிகாக்‌ஷனை ஊற்றாதீர்கள்

பண்டிகைக் காலம் நெருங்கினாலே டீ மணக்கும் ஷார்ட்பிரெட் குக்கீ செய்யும் ஆசை பலருக்கும் வந்துவிடுகிறது. கூடவே அதே புகாரும் வருகிறது: "கெட்டியா டிகாக்‌ஷன் போட்டுத்தான் ஊத்தினேன். டீ வாசமே இல்ல, குக்கீ கல்லு மாதிரி இருக்கு." பேக்கிங் தொழிலில் இருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். எனவே இந்தமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஷார்ட்பிரெட்டில் திரவமே சேர்ப்பதில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களின் இந்தப் பண்டத்துக்குக் கணக்கு, எடையில் சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மாவு 3 பங்கு. முட்டை, பால், தண்ணீர் எதுவும் கிடையாது. மாவுத் துகள்களை வெண்ணெய் மூடிக்கொள்வதால்தான் குக்கீ வாயில் வைத்ததும் உதிர்கிறது. மாவில் தண்ணீர் பட்டால் குளூட்டன் என்ற இழுவைப் புரதம் உருவாகிறது. குளூட்டன் உருவானால் குக்கீ இறுகும், ஓவனில் சுருங்கும்.

"ரெண்டே ஸ்பூன்தானே?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 170 கிராம் வெண்ணெயில் ஏற்கெனவே ஏறத்தாழ 27 கிராம் தண்ணீர் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி டிகாக்‌ஷன் என்பது 30 மில்லி. அதாவது மாவில் இருக்கவேண்டிய தண்ணீரை ஒரே ஊற்றில் இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறீர்கள். மாவு கையில் ஒட்டுகிறதே என்று இன்னும் இரண்டு கை மாவைத் தூவுவீர்கள். அதோடு வெண்ணெயின் விகிதமும் போயிற்று, இனிப்பும் போயிற்று.

இத்தனையும் செய்து மணமாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. டீயின் வாசனைப் பொருட்களில் பெரும்பாலானவை கொழுப்பில் நன்றாகக் கரைபவை. தண்ணீரில் தாராளமாக இறங்குவது துவர்ப்பும் கசப்பும்தான். டிகாக்‌ஷனைச் சுண்டக் காய்ச்சும்போது வாசனை ஆவியாகப் போய்விடும், துவர்ப்பு மட்டும் பாத்திரத்தில் தங்கும். அதைத்தான் மாவில் ஊற்றுகிறீர்கள். பாலில் டீ போட்டு ஊற்றினாலும் இதே கதைதான். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

டீ உள்ளே போகவேண்டியது உலர்ந்த இலையாக. அளவு இது: மைதா 255 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 170 கிராம், பொடித்த சர்க்கரை 85 கிராம், டீ 6 கிராம், உப்பு கால் தேக்கரண்டி. இன்னும் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் மைதாவில் 40 கிராமைக் குறைத்து, அதே எடைக்கு அரிசி மாவு சேருங்கள்.

டீயைச் சர்க்கரையோடு சேர்த்து மிக்ஸியில் பொடியுங்கள். தனியாக அரைத்தால் இவ்வளவு குறைந்த அளவு பிளேடில் சிக்காது. சர்க்கரை சேர்ந்தால் இலை நைசாக அரைபடும். பிறகு சலித்துவிடுங்கள். முழு இலை டீயில் காம்புகள் இருக்கும், உருண்டை உருண்டையான சிடிசி டீத்தூளைச் சலிக்காமல் போட்டால் பல்லில் நறநறக்கும். டீ பேக் வாங்கினால் வேலை சுலபம், உள்ளே இருப்பது ஏற்கெனவே தூள்தான். ஒரு பையில் பொதுவாக 2 கிராம் இருக்கும். வெட்டும்போது நூலும் பின்னும் மாவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலும் சர்க்கரையும் கலந்து வரும் ரெடிமேட் டீ பவுடர் இதற்கு ஆகாது, சீக்கிரம் கருகும்.

இந்தச் சர்க்கரைப் பொடியை, விரல் வைத்தால் பதியும் பதத்தில் இருக்கும் வெண்ணெயில் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். வாசனை கொழுப்பில் இறங்கும் நேரம் அது. பிறகு மாவையும் உப்பையும் போட்டு, ஒன்றுசேரும் வரை மட்டும் கலந்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசையவேண்டாம். 8 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, ஃப்ரிட்ஜில் அரைமணி நேரமாவது வையுங்கள். குளிராத மாவு ஓவனில் பரந்துவிடும்.

இலைத் துணுக்கு கண்ணில் படக்கூடாது என்பவர்கள், வெண்ணெயை உருக்கி அதில் டீயைப் போட்டு, மிகச் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து வடிகட்டலாம். இலை கொஞ்சம் வெண்ணெயைக் குடித்துவிடும். அதனால் வடித்ததை மறுபடி எடைபோட்டு, குறைந்த எடைக்கு வெண்ணெய் சேர்த்து, உறையவைத்துப் பயன்படுத்துங்கள். இப்படி எடைபோடுவதைத் தவிர்த்துவிட்டு "மாவு சேரவே இல்லை" என்று வருபவர்கள் ஏராளம்.

ஓவன் 160 டிகிரி செல்சியஸ், நேரம் 20 முதல் 25 நிமிடம். ஜப்பானியப் பச்சை டீத்தூளான மாட்சா சேர்த்தால் 150 போதும், இல்லாவிட்டால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் வெளியே எடுங்கள். சூட்டில் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், அது வேகாததால் அல்ல. தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் இறுகும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் டீ கருகிக் கசக்கும்.

இனி, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லவேண்டியவை. பெர்கமட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணமேற்றிய எர்ல் கிரே டீயைச் சேர்ப்பவர்கள், மணம் கூடவேண்டும் என்று அறையில் மணத்துக்கு ஏற்றும் பெர்கமட் எண்ணெயை மாவில் சொட்டுகிறார்கள். கூடவே கூடாது. உணவுக்கானது என்று பாட்டிலில் எழுதியிராத எந்த எண்ணெயும் சமையலறைக்குள் வரவேண்டாம். ஆரஞ்சுத் தோலின் மேல்பகுதியைத் துருவிச் சேருங்கள், நன்றாக ஈடுகொடுக்கும்.

அடுத்தது, முட்டை இல்லையே என்று பச்சை மாவைக் குழந்தைகளுக்கு ஊட்டுவது. மைதா வேகாத தானியத்தின் தூள், அதிலும் கிருமி இருக்கலாம். 2016-ல் அமெரிக்காவில் மாவு வழியாகவே ஈ.கோலை தொற்று பரவி, பெருமளவில் மாவைத் திரும்பப் பெற்றார்கள். பச்சை மாவை ருசி பார்க்கவேண்டாம், கிண்ணத்தை வழித்துத் தரவும் வேண்டாம்.

டீ இலையில் கஃபீன் உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். உலர்ந்த இலையில் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம். மேலே சொன்ன அளவில் 24 குக்கீ போட்டால், இலையோடு சாப்பிடும் ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. சின்னக் குழந்தைக்கு இரவில் நாலைந்து கொடுத்துவிட்டு, ஏன் தூங்கவில்லை என்று கேட்கவேண்டாம்.

ஆறியபிறகு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். மறுநாள் மணம் இன்னும் எடுப்பாக இருக்கும், அதனால் பரிசு கொடுக்கும் நாளுக்கு முந்தைய நாளே சுட்டுவிடுங்கள். இஞ்சி, புதினா குக்கீகளோடு ஒரே டப்பாவில் அடுக்கினால் டீ வாசம் அமுங்கிவிடும். டப்பாவின் மேல் சிறு சீட்டு ஒன்று ஒட்டிக் கொடுங்கள்: கோதுமை, பால், டீ இருக்கிறது என்று. வாங்குபவரின் வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது.