கோலிக்குண்டும் நியூட்ரானும்

நாகர்கோவிலில் இருந்து அஞ்சுகிராமம் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் கூடங்குளம். அதனால் அணு உலை பற்றிய பேச்சு எங்கள் மாவட்டத்தில் ஓய்வதே இல்லை. பக்கத்து வீட்டு பிளஸ் டூ மாணவி போன வாரம் கேட்டாள்: "தணிப்பான் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்குதுன்னா அதுதானே பிரேக்? தண்ணீர் வெளியேறிட்டா பிரேக் இல்லாம வெடிச்சிடாதா மாமா?"

நல்ல கேள்வி. கூடங்குளத்தில் தணிப்பான் தண்ணீர்தான். ஆனால் தணிப்பான் பிரேக் அல்ல. ஒரு நியூட்ரான் யுரேனியம் கருவைப் பிளக்க, அதில் பிறக்கும் நியூட்ரான்கள் அடுத்த கருக்களைப் பிளப்பதுதான் தொடர்வினை. நியூட்ரான்களை விழுங்கி அந்த வினையை அடக்குபவை கட்டுப்படுத்தும் கழிகள். தணிப்பானின் வேலை வேறு. பிளவில் பிறக்கும் நியூட்ரான் நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதை அறை வெப்பநிலைக்குரிய 2.2 கிலோமீட்டருக்கு இறக்கிவிட்டால், யுரேனியம்-235 கருவைப் பிளக்கும் வாய்ப்பு பல நூறு மடங்கு கூடிவிடும். நியூட்ரான் அலை போலவும் நடந்துகொள்ளும்; மெதுவாகும்போது அந்த அலைநீளம் விரிவதுதான் இதற்குக் காரணம். இந்த வகை உலையில் வேகம் குறைந்தால்தான் வினை நடக்கும்!

எப்படி இறக்குவது? கோலி விளையாடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கோலியை ஆட்டுக்கல்லில் அடித்தால் அதே வேகத்தில் திரும்பி வரும். அதே அளவுள்ள இன்னொரு கோலியை நேராக அடித்தால், அடித்தது அங்கேயே நிற்கும், அடிபட்டது ஓடும். நியூட்ரானுக்குச் சமமான எடை கொண்ட கோலி, ஹைட்ரஜன் கரு. ஹைட்ரஜனோடு சராசரியாகப் 18 மோதல்கள் போதும். கார்பன் என்றால் ஏறத்தாழ 114. யுரேனியம்-238 என்றால் இரண்டாயிரத்துக்கும் மேல். 1934இல் ரோமில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி நியூட்ரான்களின் பாதையில் பாரஃபின் மெழுகைக் குறுக்கே வைத்துப் பார்த்தபோது, அவை தாக்கிய உலோகத்தின் கதிரியக்கம் பலமடங்கு கூடியதும் மெழுகில் இருந்த ஹைட்ரஜனால்தான்.

சாதாரணத் தண்ணீரில் ஒரு குறை உண்டு. அது சில நியூட்ரான்களைத் தானே விழுங்கிவிடும். ஆகவே கூடங்குளத்தில் செறிவூட்டிய, அதாவது யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டிய யுரேனியம் தேவை. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில், கனமான ஹைட்ரஜன் கொண்டதும் நியூட்ரான்களை மிகக் குறைவாகவே விழுங்குவதுமான கனநீர் இருப்பதால் இயற்கை யுரேனியமே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கூடங்குளம் உலையில் தண்ணீரே தணிப்பான், தண்ணீரே குளிர்விப்பான். உலை அளவுக்கு மீறிச் சூடானால் தண்ணீர் விரியும். அதே இடத்தில் ஹைட்ரஜன் குறையும், மோதல்கள் குறையும், வேக நியூட்ரான்கள் மிகும், பிளவு தானாகத் தளரும். மனிதர் யாரும் கைவைக்க வேண்டாம். 1986இல் விபத்துக்குள்ளான செர்னோபில் உலையில் தணிப்பான் கிராஃபைட். அங்கே தண்ணீர் நியூட்ரான்களை விழுங்கிக்கொண்டிருந்தது. அது ஆவியானதும் விழுங்க ஆள் குறைந்து, தணிப்பான் அப்படியே நின்றதால் வினை எகிறியது.

சரி, தண்ணீர் வெளியேறினால்? இங்கே தொடர்வினை நின்றுபோகும். அணுகுண்டு போல வெடிக்காது. ஆனால் உலை நின்ற உடனேயும் பிளவுத் துண்டுகளின் கதிரியக்கம் முழுத்திறன் வெப்பத்தில் சுமார் 6 முதல் 7 சதவீதத்தைத் தந்துகொண்டிருக்கும். 2011இல் ஃபுகுஷிமாவில் உலைகளை உருக்கியது இந்த மிச்ச வெப்பம்தான். அதனால் பயப்படுகிறவர்களை 'விவரம் இல்லாதவர்கள்' என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். மின்சாரம் இல்லாதபோது அந்த வெப்பம் எங்கே போகும் என்றுதான் அவர்கள் கேட்க வேண்டும். கூடங்குளத்தில் அதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீராவி இயற்கையாகவே மேலேறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, நீராகித் திரும்பி வரும். அதற்கு பம்ப் தேவையில்லை. அந்த மாணவிக்கு அடுத்து இந்த ஏற்பாட்டின் படத்தைத்தான் வரைந்து காட்டினேன்.