நடைபாதைக்கும் ஒரு கட்டளை வேண்டும்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்து போவது செட்டிநாட்டில் பல தலைமுறைகளாக வரும் வழக்கம். நகரத்தார் காவடிகளோடு எல்லாச் சமூகத்தாரும் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கிறார்கள். ஆவணி பிறந்தால் இன்னொரு கூட்டம் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குக் கிளம்பும். அவர்களில் பலர் தேவகோட்டைப் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து மீமிசல், மணமேல்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று கடலோரமாகவே போகிறார்கள். சாலைப் பொறியாளனாக இரண்டு வழிகளையும் பார்த்து வருகிறேன். நடப்பவர்களுக்குப் பாதை போடுவதற்கு எப்படியாவது பணம் வந்துவிடுகிறது. போட்ட பாதையைக் காப்பதற்குத்தான் வருவதில்லை.

தார் விளிம்புக்கு வெளியே இருக்கும் மண் ஓரத்தை எங்கள் துறையில் சாலைப் புருவம் என்போம். ஒவ்வொரு முறை புதுத் தார் போடும்போதும் சாலை சில அங்குலம் உயர்கிறது. கூடவே புருவத்தையும் மண் கொட்டி உயர்த்தி, உருளை விட்டு இறுக்க வேண்டும். பல இடங்களில் அதைச் செய்வதில்லை. செய்தாலும் ஐப்பசி மழை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது கணுக்கால் ஆழப் பள்ளம். பகலில் அது கண்ணுக்குத் தெரியும். யாத்திரிகர்கள் வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியற்காலையிலும் அல்லவா நடக்கிறார்கள்? எதிரே லாரி வருகிறது, ஒதுங்குகிறார்கள், கால் மடங்குகிறது. விழுவது பெரும்பாலும் தார்ப் பக்கமாகத்தான்.

அரசு அலுவலகங்களில் பலர் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். விரதம் இருப்பவர்கள் செருப்பு அணிவதில்லை. கிராவல் கொட்டிய புருவத்தில் வெறுங்காலோடு இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள், மூன்றாவது கிலோமீட்டரில் தானாகவே தாருக்கு ஏறிவிடுவீர்கள். தாரிலும் அவர்கள் தேடிப் பிடிப்பது விளிம்பில் இருக்கும் வெள்ளைக் கோட்டை. அது வழவழப்பானது, சூடும் குறைவு. ஒருவர் பின் ஒருவராக அந்தக் கோட்டின் மேலேயே போவார்கள். வண்டி ஓட்டுபவருக்கோ அந்தக் கோடுதான் எல்லை. இருவரும் ஒரே கோட்டை நம்புகிறார்கள். கிராவல் கொட்டிவிட்டு நடைபாதை அமைத்தோம் என்று கணக்கு எழுதுவதை நான் ஏற்பதில்லை.

சிறுபாலங்களில் ஆபத்து இன்னும் கூடுதல். கைப்பிடிச் சுவர் வந்ததும் ஓரம் முடிந்துபோகிறது, எல்லோரும் சாலைக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் சீமைக் கருவேலம் வளைந்து நின்றால் இன்னும் முன்கூட்டியே இறங்க வேண்டும். முள்ளை ஆண்டுக்கு இருமுறை வெட்டினால் போதும், அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கல் பதித்த நடைபாதையும் இப்படித்தான். ஓரக்கல் ஒன்று பெயர்ந்தால் அடியில் இருக்கும் மணல் கரைகிறது, பக்கத்துக் கல் ஆடுகிறது, இரண்டு மழையில் ஒரு வரிசையே சரிகிறது. முதல் கல்லை அன்றே பதிப்பது ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை. அந்த அரைநாள் கூலிக்கு எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று தெரியாமல் கோப்பு நிற்கிறது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது. உரிமை இருக்கிறது. நிதி? நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. இவை முதன்மையாகப் புதியவற்றைக் கட்டுவதற்கான பணம். முள் வெட்டுவதற்கு யாரும் கல்வெட்டுத் திறப்பதில்லை.

இங்கிலாந்தின் கடலோர நடைபாதைக்கு 2009-இல் சட்டத்திலேயே வழிசெய்தார்கள். கடல் அரித்துப் பாதை சரிந்தால், அதை உள்ளே நகர்த்திக்கொள்ளும் வழியையும் முன்கூட்டியே ஏற்படுத்தி வைத்தார்கள். பாதை தேயும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 2012-இல் திறந்த வேல்ஸ் கடலோரப் பாதை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். அங்கே அரசு நிதி தருகிறது, உள்ளாட்சிகள் பராமரிக்கின்றன.

இந்த யோசனை செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. நம் முன்னோர் சத்திரம் கட்டியதோடு நிற்கவில்லை. விளக்கெரிக்கவும் அன்னமிடவும் நிலம் எழுதி வைத்து, அதன் வருமானத்தில் செலவு நடக்கும்படி கட்டளை ஏற்படுத்தினார்கள். அதனால்தான் கட்டியவர் காலத்துக்குப் பின்னும் அவற்றில் பல நிலைத்தன. நடைபாதைக்கும் அதே முறை வேண்டும். பணி ஆணையிலேயே ஐந்தாண்டுப் பராமரிப்புத் தொகையைச் சேர்த்து ஒதுக்க வேண்டும். தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சியில் தொடங்கிச் செயல்படுத்திவரும் செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தத்தில் சாலையின் நிலையைப் பார்த்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். அந்த ஒப்பந்தத்தில் நடப்பவர்களுக்கென்று தனி அளவுகோல் சேர்க்கலாம்: புருவம் தாரின் மட்டத்துக்கு இருக்கிறதா, சிறுபாலத்தில் ஒதுங்க இடம் உண்டா, முள் வெட்டியாயிற்றா, வெறுங்காலில் நடக்க முடிகிறதா.

உங்கள் ஊர் இந்த வழிகளில் இருந்தால் தை வரும்வரை காத்திருக்காதீர்கள். மார்கழிக் கடைசியில் அவசரமாக நடக்கும் ஒட்டுவேலை அடுத்த ஆண்டுவரை நிற்காது. அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தில் "சாலையைச் சரிசெய்க" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் இடையே, எந்தப் பக்கம், பள்ளம் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். படம் எடுக்கும்போது பள்ளத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி எடுங்கள். ஒரு நகலை ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணி வழிக்கு இதே வேலையை மே 1 கிராம சபையில் தொடங்கினால்தான் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குள் முள்ளாவது வெட்டப்பட்டிருக்கும்.