வெளிநாட்டுல போய் புரியாமலே "ஆமா" சொல்லாதீங்க

போன வருஷம் வேளச்சேரியிலேர்ந்து ஒரு பொண்ணு என்கிட்ட வந்தாங்க. கொரியாவுல சியோல் போய், அழகு கிளினிக்கா இருக்கிற கங்னம் ஏரியாவுல மூக்கை எடுப்பாக்க ஃபில்லர்னு ஒரு ஜெல் ஊசி போட்டு மூணு நாள் ஆச்சு, மூக்கு நுனி கறுத்துப் போயிருந்துச்சு. "ஊசி போடும்போதே விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது டாக்டர், அதை எப்படிச் சொல்றதுன்னே தெரியல, பெயின் பெயின்னேன், மொழிபெயர்க்கக் கூட இருந்த கோஆர்டினேட்டர் நார்மல் நார்மல்னு கையைத் தட்டிக் கொடுத்தாங்க"ன்னு சொல்லி அழுதாங்க.

எனக்கு அன்னைக்கு பூரா மனசே சரியில்ல. ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள்ள போயிட்டா தோல் வெளிறும், பெரும்பாலும் கடுமையா வலிக்கும், அப்புறம் வலை பின்னின மாதிரி நீலம் பாரிக்கும். ஹயலூரோனிக் ஆசிட் ஃபில்லர்னா அதைக் கரைக்க ஹயலூரோனிடேஸ்னு ஊசி இருக்கு, எவ்ளோ சீக்கிரம் போடுறோமோ அவ்ளோ தோலைக் காப்பாத்தலாம். பார்வை மங்கினா அது நிமிஷக் கணக்கு, ராத்திரி ஆனாலும் ஓடணும். சிகிச்சை இருந்துச்சு, அந்த வலி எப்படிப்பட்டதுன்னுதான் யாருக்கும் போய்ச் சேரல.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே எரியுது, குத்துது, மரத்துப் போச்சு, கண்ணு மங்குது, மூச்சு முட்டுது, நிறுத்துங்க, இந்த அஞ்சாறு வார்த்தையை அந்த மொழி தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கி கையிலயே வச்சுக்கோங்க. போன்ல இருக்கிற மொழிபெயர்ப்பு ஆப் ஹோட்டல்ல சாப்பாடு சொல்லப் போதும், சம்மதப் படிவத்துக்கு அதை நம்பாதீங்க.

இன்னொண்ணு நம்ம "ஆமா". "அலர்ஜி எதுவும் இல்லையே?"ன்னு கேட்டா நாம "ஆமா, இல்ல"ன்னுதான் சொல்வோம், கொரியாக்காரங்களும் அப்படியேதான் சொல்வாங்க, ஆனா நடுவுல இங்கிலீஷ் வந்து அந்த ஆமா "எஸ்" ஆயிடும்போது அர்த்தமே தலைகீழாப் போயிடுது. நம்ம தலையாட்டலும் அப்படித்தான், வேணும்னு ஆட்டினா வேணாம்னு எடுத்துக்குவாங்க. முழு வாக்கியமாச் சொல்லுங்க. டாக்டர் சொன்னதை, எங்க எத்தனை மில்லி, என்ன ஆபத்துன்னு நீங்க திருப்பிச் சொல்லி சரிதானான்னு கேளுங்க.

மருந்துப் பேர்லயும் இதே கதைதான். மரத்துப் போக வைக்கிற மருந்தை நாம லிக்னோகெய்ன், சைலோகெய்ன்னு சொல்றது அங்க லிடோகெய்ன், நிறைய ஃபில்லர்ல அது கலந்தே வருது. பாராசிட்டமால் அங்க அசெட்டமினோஃபென். ஈகோஸ்ப்ரின்னு சொன்னா ஆஸ்பிரின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பிராண்ட் பேரை விட்டுட்டு உள்ள இருக்கிற மருந்து பேரை எழுதுங்க, சித்த மருந்து சாப்பிட்டாலும் சேர்த்து எழுதுங்க.

மொழிபெயர்க்கிறவர் யாரோட ஆளுன்னு கட்டாயம் கேளுங்க. கிளினிக்குக்கு ஆள் பிடிச்சு கமிஷன் வாங்குற ஏஜென்ட்டே உங்க வாயாவும் இருந்தா, உங்க சந்தேகமும் "வேணாம் டாக்டர்"ங்கிறதும் முழுசா போய்ச் சேராது. நம்ம சென்னையில ஆஸ்பத்திரி இருக்கிற கிரீம்ஸ் ரோட்டையே பாருங்க, பெங்காலி போர்டு, பெங்காலி பேசுறவங்க, எல்லாம் எங்கிருந்தோ வர்றவங்களுக்காகத்தான், அங்கயும் நோயாளி பேச வேண்டியதைக் கூட வந்த ஏஜென்ட் பேசிட்டுப் போறதை நான் நேர்லயே பார்த்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ சொல்றேன். கொரியால வெளிநாட்டு நோயாளிகளை வரவழைக்கிற கிளினிக்கும் ஏஜென்ட்டும் அரசாங்கத்துல பதிவு செஞ்சிருக்கணும், அதைக் காட்டச் சொல்லுங்க. மயக்கம் கொடுத்துப் பண்ற ஆபரேஷன்னா அந்த தியேட்டர்ல சிசிடிவி இருக்கணும்னு 2023 செப்டம்பர்லேர்ந்து அங்க சட்டம், ஆனா நோயாளி தரப்புல கேட்டாத்தான் பதிவு பண்ணுவாங்க, கேக்கிறதுக்கும் வார்த்தை வேணுமில்ல.

கடைசியா பேப்பர். அந்தப் பொண்ணு கொண்டு வந்த சிகிச்சை சம்மரி முழுக்க கொரிய எழுத்து, என்ன ஃபில்லர்னு கண்டுபிடிக்கவே பாதி நாள் போச்சு. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே இங்கிலீஷ்ல ஆபரேஷன் நோட்ஸ் தருவீங்களான்னு கேளுங்க, ஃபில்லர் பெட்டியில இருக்கிற ஸ்டிக்கரை, பேரும் லாட் நம்பரும் தெரியுற மாதிரி, உங்க ஃபைல்ல ஒட்டி வாங்கிட்டு வாங்க.